தண்ணிக்குத் தெரியும்

உங்கள் செல்போனுக்கும் அந்த வீடியோ வந்திருக்கும். முதலில் தஞ்சைப் பெரிய கோயில் விமானம், பின்னால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சூரியன், ஒரு புல்லாங்குழல். அடுத்து ஒரு கட். பச்சை வயல்களுக்கு மேல் கேமரா வெண்ணெயில் வழுக்குகிற மாதிரி போகிறது. ஒரு ஆர்ச். கலர் கொடிகள். செம்மண் ரோடு. வரிசையாக வெள்ளைக் கற்கள். கம்பீரமான குரல் ஒன்று, ‘புது பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்தே நிமிடம்’ என்கிறது. யாருடைய வண்டியில், எத்தனை மணிக்கு என்று சொல்வதில்லை.

போன மாதம் இப்படிப்பட்ட வீடியோக்களை வேலைமெனக்கெட்டு இருபத்துநான்கு பார்த்தேன். எல்லாம் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் பக்கத்து மனை விற்பனை ட்ரோன் படங்கள். சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம், சீரியலுக்கு எழுதுகிறோம். டெல்டாவில் இன்று கணிசமான பேர் உட்கார்ந்து கடைசிவரை பார்க்கும் படம் இதுதான். டிக்கெட் விலையும் அதிகம், சில லட்சங்கள். இதற்கு ஏன் விமர்சனம் கூடாது?

முதலில் பாராட்டு. படங்கள் நன்றாக இருக்கின்றன. ஆரம்ப காலத்தில் ட்ரோன் படம் என்றால் குதிரை வண்டியில் உட்கார்ந்து பார்ப்பது போல இருக்கும். இப்போது ஆட்டமில்லை, உதறல் இல்லை. இந்த வழவழப்பு சும்மா வருவதில்லை. என் அக்கா பையன் இந்தத் தொழிலில் இறங்கியபோது கூட இருந்து பார்த்ததால் சொல்கிறேன்.

*

மேலே போய்ப் படம் எடுக்கும் ஆசை பழையது. பிரான்ஸில் நாதார் என்கிற போட்டோகிராபர் 1858-லேயே பலூனில் ஏறிப் பாரிஸ் பக்கத்துக் கிராமத்தைப் படமெடுத்தார். ஆட்டமில்லாமல் எடுக்கும் ஆசை அதற்குப் பிறகு வந்தது. 1970-களில் காரெட் பிரவுன் என்கிற அமெரிக்கர் ஸ்டெடிகேம் கண்டுபிடித்தார். கேமராமேன் ஓடினாலும் படம் குலுங்காது. 1976-ல் வந்த ‘ராக்கி’யில் ஸ்டாலோன் படிக்கட்டில் ஓடி ஏறும்போது கூடவே ஓடியது அதுதான். அந்தக் கனமான கவசத்தின் வேலையை இன்று கட்டைவிரல் பருமனில் மூன்று குட்டி மோட்டார்கள் செய்கின்றன. ட்ரோன் முன்னால் சாய்ந்தால் கேமரா பின்னால் சாய்கிறது, இடது பக்கம் சாய்ந்தால் வலது. ஜிம்பல் என்று பெயர்.

‘அப்புறம் என்ன, எல்லாம் மெஷினே பாத்துக்குமே’ என்றேன் அக்கா பையனிடம்.

‘இல்ல மாமா. ஜிம்பல் காத்தோட ஆட்டத்தைத்தான் தாங்கும். என் விரலோட ஆட்டத்தை அது எப்படித் தாங்கும்?’

பாபநாசத்துக்குத் தெற்கே ஒரு கிராமம். அறுப்பு முடிந்த வயலில் ஒரு மாதம் பழகினான். ரிமோட்டில் இரண்டு குச்சிகள். இடது குச்சி ஏற்ற, இறக்க, திருப்ப. வலது குச்சி முன், பின், பக்கவாட்டில் நகர்த்த. முதல் வாரம் ஒரு குச்சியை மட்டும் தொட வேண்டும். நேரே போ, நேரே வா. கட்டைவிரலால் மட்டும் தள்ளாமல் ஆள்காட்டி விரலும் சேர்த்து, மூக்குப்பொடி எடுப்பது போல் குச்சியைப் பிடிக்க வேண்டும். இரண்டாவது வாரம் இரண்டு குச்சிகளும் சேர்ந்து. ஒரு களத்து மேட்டை நடுவில் வைத்துச் சுற்றி வர, வலது குச்சி ஒரு பக்கம், இடது குச்சி எதிர்ப்பக்கம். கொஞ்சம் பிசகினாலும் களத்து மேடு ஃபிரேமை விட்டு ஓடிவிடும். நூறு தடவை ஓடியது.

பிறகு வெயில். டெல்டா வெயிலில் கேமராவை அதன் போக்கில் விட்டால் ஷட்டர் மின்னல் வேகத்தில் அடிக்கும். ஒவ்வொரு ஃபிரேமும் கத்தி மாதிரி கூர்மையாக விழும், ஆனால் ஓட்டிப் பார்த்தால் படபடவென்று வெட்டும். செகண்டுக்கு 25 ஃபிரேம் என்றால் ஷட்டர் ஐம்பதில் ஒரு பங்கு செகண்டு இருக்க வேண்டும். இது சினிமாக்காரர்களின் பழைய கணக்கு. அதற்கு வெளிச்சத்தைக் குறைக்க லென்ஸ் மேல் ஒரு கறுப்புக் கண்ணாடி மாட்டுகிறார்கள். கேமராவுக்குக் கூலிங் கிளாஸ். அதை மாட்டிய அன்றுதான் அவன் படம் வழுக்க ஆரம்பித்தது.

மூன்றாவது எதிரி காற்று. ஆடியில் அம்மியே பறக்கும் ஊரில் 250 கிராம் ட்ரோன் என்ன செய்யும்? காலை ஆறரை மணிக்கு வயலுக்குப் போய், எட்டுக்குள் மூட்டை கட்டிவிட வேண்டும். அந்த ஆறரை மணியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

நான்காவது சமாசாரம் சட்டம். 2021-ம் வருஷத்து ட்ரோன் விதிகள்படி நாட்டின் வரைபடம் பச்சை, மஞ்சள், சிவப்பாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பச்சையில் 400 அடி வரை போகலாம். 250 கிராமைத் தாண்டிய ட்ரோனைக் காசுக்காக ஓட்டினால் பைலட் சான்றிதழ் வேண்டும். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. 2020 ஜனவரியில் இங்கே சுகோய்-30 படைப்பிரிவு வந்து இறங்கியது. பக்கத்தில் அனுமதியில்லாமல் பொம்மை மாதிரி ஒன்றைப் பறக்கவிட்டாலும் வம்புதான். பெரிய கோயில் தொல்லியல் துறை வசம். அதற்கு மேலும் இஷ்டத்துக்குப் பறக்க முடியாது. அதனால் மனை வீடியோக்களின் தொடக்கத்தில் வரும் கோயில் ஷாட் பெரும்பாலும் இரவல் என்பது என் ஊகம். ராஜராஜன் 1010-ல் கட்டி முடித்த கோயிலில் ப்ளாட் வாங்குபவருக்குப் பங்கு ஏதும் தருவதாகத் தெரியவில்லை.

*

இனி விமர்சனம்.

இருபத்துநான்கில் எனக்கு மிகவும் பிடித்தது மனை வீடியோவே இல்லை. கும்பகோணத்தில் விற்பனைக்கு வந்த ஒரு பழைய வீடு. கையகல ட்ரோன் தெருவிலிருந்து திண்ணையைத் தாண்டி, இருட்டான ரேழிக்குள் நுழைந்து, முற்றத்து வெளிச்சத்தில் ஒரு கணம் நின்று, கூடம், தாழ்வாரம், கொல்லை, கிணறு என்று ஒரே மூச்சில் போகிறது. கட் கிடையாது. ரேழியின் இருட்டும் முற்றத்தின் வெளிச்சமும் அடுத்தடுத்து முகத்தில் அடிக்கின்றன. அந்த வீட்டில் பிறந்த குழந்தை இப்படித்தான் ஓடியிருக்கும். கொல்லைச் சுவரின் விரிசலும் தெரிகிறது, மறைக்கவில்லை. அங்கே வழவழப்பு வீட்டைச் சரியாகச் சொல்கிறது. நாலு கட்டு வீடு என்பதே நடந்து போவதற்காகக் கட்டியது.

வயலை மனையாக்கிய இடத்தில் இதே வழவழப்பு பொய் சொல்கிறது. வேண்டுமென்றே இல்லாவிட்டாலும் பொய்தான். எப்படி என்று பாருங்கள்.

தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 57 மீட்டர் உயரம். நாகப்பட்டினம் கடற்கரை நேர்க்கோட்டில் சுமார் 80 கிலோமீட்டர். கால்குலேட்டரைத் தட்டுங்கள். கிலோமீட்டருக்கு முக்கால் மீட்டர்கூடச் சரிவு இல்லை. சராசரியாக ஐந்து ஏக்கர் நிலத்தின் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் நாலு அங்குலம் வித்தியாசம். அந்த நாலு அங்குலத்தை நம்பித்தான் கல்லணையில் பிரிகிற தண்ணீர் மோட்டார் இல்லாமல், பம்ப் இல்லாமல் ஆறாகி, வாய்க்காலாகி, கன்னி வாய்க்காலாகி, மடைமடையாக இறங்கிக் கடைமடை வரை போகிறது. பாய்ச்சுகிற வாய்க்கால் ஒன்று, மிஞ்சியதை வெளியேற்றும் வடிவாய்க்கால் ஒன்று. வெட்டியவன் பெயர் தெரியாது. தியோடலைட் இல்லாமல் வெட்டினான்.

நாலு அங்குலம் 400 அடி உயரத்திலிருந்து தெரியுமா? தெரியாது. அந்த உயரம் எல்லாவற்றையும் கேரம் போர்டு மாதிரி தட்டையாக்கிவிடுகிறது. வரப்பு ஒரு கோடாகிறது, வாய்க்கால் இன்னொரு கோடாகிறது. வழவழவென்று ஓடும் படத்தில் இரண்டு கோடுகளுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பதற்குள் அடுத்த ஷாட்.

இரண்டாவது, பருவம். நான் பார்த்த மனை வீடியோக்களில் ஒன்றுகூட ஐப்பசியில் எடுத்ததாகத் தெரியவில்லை. எல்லாம் மாசியிலிருந்து சித்திரைக்குள். சம்பா அறுத்து, நிலம் காய்ந்து, நீலவானம். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். தண்ணீர் வந்து, வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துகொண்டால் இதே இடம் எப்படி இருக்கும்? பெண் பார்க்கப் போகும்போது பெண்ணைத் தூங்க வைத்துக் காட்டுவது போல இருக்கிறது.

மூன்றாவது, வேகம். நெடுஞ்சாலையிலிருந்து மனை வரைக்கும் உள்ள தூரத்தை எடிட்டிங்கில் ஓட்டிவிட்டு, ஆர்ச் வந்ததும் நிதானமாகிறார்கள். பத்து நிமிடம் பத்து செகண்டு ஆகிறது. வழியில் இருக்கும் ரயில்வே கேட் மாயமாகிவிடுகிறது.

டெல்டாவில் நிலத்தை அளக்கும் பழைய கணக்கு உண்டு. நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. ஒரு மா என்பது 14,400 சதுர அடி. அதாவது முப்பதுக்கு நாற்பதில் சரியாகப் பன்னிரண்டு ப்ளாட், ரோட்டுக்கு விடாமல் கணக்குப் போட்டால். விற்கிறவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மூன்று மா நிலத்தை வைத்துக்கொண்டு, தண்ணீர் வருமா வராதா என்று வருஷாவருஷம் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அவர். 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னைகளைச் சாய்த்துப் போட்டதை மேலிருந்து எடுத்த படங்களில் பார்த்திருப்பீர்கள். தீப்பெட்டியைக் கொட்டிய மாதிரி இருந்தது. அந்தப் படங்களில் யாரும் புல்லாங்குழல் சேர்க்கவில்லை. பார்த்ததும் புரிந்தது.

*

அக்கா பையனுக்குக் கிடைத்த முதல் வேலை ஒரு புது மனைப்பிரிவு. ஊர், கம்பெனி பெயர் வேண்டாம். துணைக்கு நானும் போனேன். காலை ஆறரை மணி. அவன் குச்சிகளைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஒரு பெரியவர் மண்வெட்டியோடு வந்து பக்கத்தில் நின்றார். மனைக்கு மேற்கே அவர் வயல். திரையை எட்டிப் பார்த்தார்.

‘தம்பி, மேலேருந்து பாத்தா எல்லாம் சமமாத்தானே தெரியுது?’

‘ஆமாங்க.’

‘தண்ணிக்குத் தெரியும், எது மேடு எது பள்ளம்னு.’

நான், ‘என்னங்கய்யா விஷயம்?’ என்றேன்.

‘இதுக்குள்ள ஒரு வடிவாக்கா ஓடிச்சு சார். எங்க தாத்தா காலத்துலேருந்து. தூத்துட்டாங்க. போன கார்த்திகையில எங்க நடவு பூரா மூணு நாள் தண்ணியில கெடந்துச்சு. எங்கேன்னு கேட்டா, வாக்காவா, எந்த வாக்காங்கறாங்க. நானும் காட்டணும்னுதான் பாக்கறேன். மண்ணைக் கொட்டி மட்டம் பண்ணிட்டாங்களே, எதைக் காட்டுறது?’

அக்கா பையன் ஒன்றும் பேசவில்லை. ட்ரோனை நேர் மேலே ஏற்றினான். கேமராவைக் கீழ்நோக்கித் திருப்பினான். சூரியன் அப்போதுதான் தென்னை மட்டத்துக்கு வந்திருந்தது. நிழல்கள் நீளநீளமாக விழுந்திருந்தன. மனைக் கற்களின் வரிசைக்குக் குறுக்கே, ரோட்டையும் மதிக்காமல், பாம்பு போல நெளிந்து ஒரு மெல்லிய நிழல். அதன் மேல் மட்டும் புல் கொஞ்சம் அதிகப் பச்சை. கொட்டிய மண் இரண்டு அங்குலம் அமுங்கியிருக்க வேண்டும். அடியில் இன்னும் ஈரம் இருக்க வேண்டும். மேற்கே பெரியவர் வயல் மூலையில் ஆரம்பித்துக் கிழக்கே காம்பவுண்டுச் சுவரில் முட்டி நின்றது.

பெரியவர் திரையில் விரலை வைத்தார். ‘இதான்’ என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இதில் மந்திரம் ஏதுமில்லை. முதல் உலகப்போரில் விமானத்தில் உட்கார்ந்து வேவு பார்த்த ஓ.ஜி.எஸ். கிராஃபோர்ட் என்கிற ஆங்கிலேயர், பிற்பாடு 1920-களில் இதையே ஒரு தொல்லியல் முறையாக வளர்த்தார். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாத நிலத்தில், சாய்ந்த வெயிலில் புதைந்த கோட்டைகளும் அகழிகளும் நிழலாக எழுந்து வந்தன. அகழி இருந்த இடத்தில் பயிர் செழிப்பாகவும், சுவர் இருந்த இடத்தில் வெளிறியும் நின்றது. 1928-ல் ‘வானத்திலிருந்து வெஸ்ஸெக்ஸ்’ என்று புத்தகமாகவே போட்டார். மண் எளிதில் மறப்பதில்லை. புல்டோசர்காரர்தான் அது மறந்துவிட்டதாக நினைக்கிறார்.

அந்த நிழலின் மேலேயே, மேற்கிலிருந்து கிழக்காக, தண்ணீர் போகிற வேகத்தில் அக்கா பையன் ஒரு ஷாட் எடுத்தான். நாற்பது செகண்டு. ஒரு உதறல் கிடையாது. அவன் எடுத்ததிலேயே வழவழப்பான ஷாட் அதுதான்.

எடிட் செய்து காட்டியபோது மனைக்காரர்களின் மேனேஜர் மற்ற எல்லாவற்றையும் ரசித்தார். இந்த இடம் வந்ததும், ‘இது வேணாம் தம்பி. ஸ்மூத்தா இல்ல’ என்றார்.

*

இப்போது உங்கள் முறை. அடுத்த தடவை வீடியோ வந்தால் புல்லாங்குழலை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

திரையில் ரெரா பதிவு எண் இருக்கிறதா? 2016-ம் வருஷத்து ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவைப் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக்கூடாது. செய்தால் பதிவு விவரமும் ஆணையத்தின் வெப்சைட் முகவரியும் பளிச்சென்று இருக்க வேண்டும். அதே சட்டத்தின் 12-ம் பிரிவு, விளம்பரத்தில் இருந்த பொய்யை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்கு ஈடு தர வேண்டும் என்கிறது. வீடியோவும் விளம்பரம்தான். அதனால் பார்த்துவிட்டு அழிக்காதீர்கள், பத்திரப்படுத்துங்கள்.

2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் வந்ததே என்பீர்கள். அது எண்ணெய், எரிவாயு எடுக்கும் புதுத் திட்டங்களையும் தாமிர உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்றவற்றையும் தடுக்கிறது. மனைப்பிரிவு அந்தப் பட்டியலில் இல்லை.

மிக முக்கியமானது இது. சர்வே எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அரசு இணையதளத்தில் புலப்படம் கிடைக்கும். வீடியோவில் கேமரா நேர் கீழே பார்க்கும் ஒரு ஷாட் நிச்சயம் இருக்கும். அதை நிறுத்தி, புலப்படத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தாளில் உள்ள வாய்க்கால் படத்தில் இருக்கிறதா? இல்லையென்றால் அது எங்கே போயிற்று என்று கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால், ஐப்பசியில் உங்கள் வீட்டு ஹாலில் அதுவே வந்து சொல்லும்.

ட்ரோன் பழகுகிற தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. விரல் நடுங்காமல் இருக்க ஒரு மாதம் பழகுகிறீர்கள், நல்லது. அதே விரல் ஒரு வாய்க்கால் வந்தால் நிற்கவும் பழகட்டும். மதகு மேல் ஐந்து செகண்டு நில்லுங்கள். ஐப்பசியில் இன்னொரு தடவை போய் எடுத்துவிட்டு, இரண்டையும் ஒட்டிக் காட்டுங்கள். அப்படி ஒரு மனை வீடியோ வந்தால் நானே ஃபார்வர்ட் செய்கிறேன். அந்த மனை உண்மையில் நல்ல மனையாகத்தான் இருக்கும்.

அந்த நாற்பது செகண்டு? மனைக்காரர்கள் வேண்டாம் என்றதால் அது அக்கா பையனிடமே தங்கிவிட்டது. ஒரு பிரிண்ட் போட்டுப் பெரியவரிடம் கொடுத்தான். அவர் அதைப் புலப்படத்தோடு பின் அடித்து, திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளுக்கு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். ‘எவ்வளவு தம்பி?’ என்று கேட்டாராம். இவன் வாங்கவில்லை.

‘உன் முதல் படத்துல நல்ல ஷாட்டையே வெட்டிட்டாங்களேடா’ என்றேன்.

‘இல்ல மாமா, அது ரிலீஸ் ஆயிடுச்சு’ என்றான்.